விலங்கு ஒளிந்திருக்கும் பெயரடையின் வேரைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வார இறுதிகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களோடு உட்கார்ந்து சொற்களின் பிறப்பைத் தேடுகிறேன். விலங்குகளிலிருந்து வந்த பெயரடைகள் என்றால் பிள்ளைகளுக்கு ஒரே ஆர்வம், ஆனால் அதிகமாகத் தடுமாறுவதும் அங்கேதான். காரணம் அநேகமாக ஒன்றுதான்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். சொல்லைப் பார்த்ததும் ஒரு விலங்கை முடிவு செய்துவிட்டு, அப்புறம் பொருளையும் வரலாற்றையும் அந்த விலங்குக்கு ஏற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். விலங்கு கடைசியாகத்தான் வர வேண்டும்.

ஒரு சொல்லை முழுவதுமாக எடுத்துக்கொண்டு வரிசையைக் காட்டுகிறேன்: 'ஃபார்மிக்'. படிவம் ஐந்து வேதியியலில் ரப்பர் பாலை உறைய வைக்கும் பாடத்தில் மலாயில் வரும் அதே அசிட் ஃபோர்மிக். தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கு அதன் நெடி நன்றாகவே தெரிந்திருக்கும். அந்தச் சொல்லுக்குள் ஒரு எறும்பு இருக்கிறது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், நாலு கட்டம் போட்ட பக்கம்: இன்றைய பொருள், சொல்லின் துண்டுகள், பழைய வடிவங்கள், விலங்கு. 'விலங்கு' என்ற கட்டத்தை வலது கடைசியில் போடுங்கள். கை தானாக இடமிருந்து வலமாகத்தான் நிரப்பும் என்பதால் வரிசை தவறாது.

அகராதிகள் குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு ஆட்கள் தொகுத்ததாக இருக்கட்டும். ஆங்கிலச் சொல் என்றால் மெரியம்-வெப்ஸ்டர் இணையத்தில் இலவசம், ஒரு சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைத்த காலத்தையும் பெரும்பாலும் சொல்லும். எட்டிமாலஜி ஆன்லைன் என்ற தளம் சொல்லின் பயணத்தைச் சுருக்கமாகத் தரும். மலாய்ச் சொல்லுக்கு, மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் பிஆர்பிஎம் என்ற இணையத் தேடல். தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், அது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அப்படியே தேடும்படி கிடைக்கிறது.

ஒரே அகராதி ஏன் போதாது என்றால், வேர் விஷயத்தில் அகராதிகள் ஒன்றோடொன்று முரண்படும். அந்த முரண்பாடு உங்கள் கண்ணில் பட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் அது சொன்னதே கல்வெட்டு என்று நினைத்துவிடுவோம்.

வாட்ஸ்அப்பில் வரும் 'உங்களுக்குத் தெரியுமா' செய்திகளை ஆதாரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சந்தேகத்தைத் தூண்ட அவை உதவும், அவ்வளவுதான்.

2. சொல்லை அது வரும் வாக்கியத்தோடு எழுதுங்கள்

தனிச் சொல்லாக எழுதினால் அது பெயரடையா பெயர்ச்சொல்லா என்றே தெரியாமல் போகும். 'ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் பால் கட்டியாகும்' என்று எழுதும்போதுதான் 'ஃபார்மிக்' என்பது 'எந்த அமிலம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அடை என்பது தெளிவாகிறது.

'வேக்சின்' என்ற சொல்லைத் தேடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்று அது பெயர்ச்சொல், மலாயில் வக்சின், நமக்குத் தடுப்பூசி. ஆனால் பிறந்தபோது அது பெயரடை. லத்தீனில் 'வக்கா' என்றால் பசு, 'வக்சினுஸ்' என்றால் பசுவுக்கு உரிய. ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1798இல் வெளியிட்ட ஆய்வில் பசு அம்மையை 'வரியோலே வக்சினே' என்று எழுதினார், அதாவது பசுவின் அம்மை. காலப்போக்கில் அம்மை உதிர்ந்துபோய் பசுவின் அடைமொழி மட்டும் தனியாக நின்றுவிட்டது. வாக்கியத்தோடு எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதிரி மாற்றம் தப்பாமல் கண்ணில் படும்.

3. இன்றைய பொருளை முதலில் முடித்துவிடுங்கள்

வேர் தெரிவதற்கு முன்பே, இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிவிடுங்கள். ஃபார்மிக் அமிலம்: நெடியடிக்கும், நிறமில்லாத, தோலில் பட்டால் புண்ணாக்கும் ஓர் அமிலம். முறைப்படியான வேதியியல் பெயர் மெத்தனாயிக் அமிலம். ரப்பர் பாலில் உள்ள துகள்களைச் சுற்றிப் புரதச் சவ்வு இருக்கிறது, அதில் எதிர்மின்சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைச் சமன் செய்ததும் துகள்கள் மோதி, சவ்வு உடைந்து, பால் கட்டியாகிறது. அம்மோனியா சேர்த்தால் இதற்கு நேர்மாறு, பால் நீர்மமாகவே இருக்கும்.

இவ்வளவையும் எழுதி முடித்தாயிற்று, எறும்பு எங்குமே வரவில்லை. அதுதான் வேண்டும். வேர் தெரிந்த பிறகு பொருளை எழுதினால் விலங்கு உள்ளே புகுந்துவிடும், 'ஃபார்மிக் என்றால் எறும்பு சம்பந்தப்பட்டது' என்று எழுதிவைப்பார்கள். அப்புறம் ரப்பர் பாலில் எறும்புச் சாறு ஊற்றுகிறார்களா என்று இன்னொரு மாணவர் உண்மையாகவே கேட்பார். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, இன்று அது என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடச் சொன்னது அதனால்தான்.

4. பின்னொட்டைக் கழற்றுங்கள்

தமிழில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படி கொஞ்சம் புதிதாக இருக்கும். நரிப்புத்தி, ஆமைவேகம், புலிப்பாய்ச்சல் என்று நம் மொழியில் விலங்கு முன்னால் வந்து முழுசாக நிற்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அன்றாட விலங்குப் பெயர் ஒன்று, பெயரடை வேறொன்று, ஏனென்றால் பெயர் பழைய ஜெர்மானிய வழியில் வந்தது, படிப்பாளிகள் புழங்கிய பெயரடை லத்தீனிலிருந்து வந்தது. 'டாக்' என்ற நாய்க்குப் பெயரடை கேனைன், 'கேட்' என்ற பூனைக்கு ஃபீலைன், 'கவ்' என்ற பசுவுக்கு போவைன். பெயரைப் பார்த்துப் பெயரடையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நமக்கும் இது முற்றிலும் தெரியாத விஷயம் அல்ல. சிங்கம் என்போம், ஆனால் சிம்மக்குரல், சிம்மசொப்பனம் என்போம். யானை என்போம், ஆனால் 'கஜகர்ணம் போட்டாலும் நடக்காது' என்போம், அது யானைக்காது. அன்றாடப் பெயர் ஒரு வழியில், அலங்காரச் சொல் வடமொழி வழியில். இதை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலத்தையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, கழற்றுவோம். ஃபார்மிக் என்பதில் 'இக்' ஒட்டு, மிஞ்சுவது 'ஃபார்ம்'. கேனைன், ஃபீலைன் போன்றவற்றில் கடைசியில் வரும் 'ஐன்', லத்தீனின் 'இனுஸ்' என்ற ஒட்டு. ஆனால் அந்த ஒட்டைக் கண்டதும் விலங்கு என்று துள்ளாதீர்கள். டிவைன் என்ற சொல்லிலும் அதே ஒட்டு உண்டு, உள்ளே இருப்பது கடவுள். மரீன் என்பதில் கடல், அல்பைன் என்பதில் ஆல்ப்ஸ் மலை. ஒட்டு 'இதற்கு உரிய' என்று மட்டும்தான் சொல்லும், எதற்கு உரிய என்பதை அடிச்சொல்தான் சொல்ல வேண்டும்.

5. ஒரே முகச்சாயல் உள்ள சொற்களை விலக்குங்கள்

கழற்றி மிஞ்சிய 'ஃபார்ம்' என்பதை வைத்துக்கொண்டு உடனே அகராதிக்குள் குதித்தால் குழப்பம் நிச்சயம். அதே சாயலில் என்னென்ன சொற்கள் தெரியும் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

ஃபார்மல், ஃபார்மேஷன் எல்லாம் 'ஃபோர்மா', அதாவது வடிவம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. எறும்புக்கும் அவற்றுக்கும் உறவில்லை. தைவானின் பழைய பெயர் ஃபார்மோசா, 'அழகான' என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்.

ரொம்பப் பேர் ஏமாறுவது சமையலறை மேசையில். நம் வீடுகளில் அலமாரிக்கும் மேசைக்கும் மேலே ஒட்டும் ஃபார்மைக்கா தகடு இருக்கிறதே, ஆங்கில எழுத்தில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து லத்தீனில் எறும்பைக் குறிக்கும் 'ஃபோர்மிகா'வேதான் அது. ஆனால் எறும்போடு ஒரு தொடர்பும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்காப்புக்கு மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலாக அந்தப் பொருளை உருவாக்கினார்கள். மைக்காவுக்குப் பதில் என்பதை ஆங்கிலத்தில் 'ஃபார் மைக்கா' என்று சொல்லி, அதையே ஒன்றாக ஒட்டிப் பெயராக்கிவிட்டார்கள். எழுத்து முழுவதும் ஒத்துப்போனாலும் உறவு இல்லாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஒலி ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்தை வைத்து எந்த மொழிச் சொல்லையும் எந்த மொழிக்கும், தமிழுக்கும்கூட, சொந்தம் கொண்டாடக் கூடாது. தமிழ்மேல் உள்ள அன்பாலேயே இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மலாயின் 'கெல்டாய்' நம் கழுதையிலிருந்து போனது, அதற்கு ஒலியும் பொருளும் கடல் வணிகத் தொடர்பும் மூன்றும் சாட்சி. அப்படிச் சாட்சி உள்ளவற்றை நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டுமென்றால், சாட்சி இல்லாதவற்றை விட்டுவிட வேண்டும்.

6. பின்னோக்கி ஒவ்வொரு படியாகப் போங்கள்

இப்போது அகராதியைத் திறக்கலாம். இன்றைய வடிவத்திலிருந்து ஒரு படி மட்டும் பின்னால் போய், மொழி, வடிவம், காலம் மூன்றையும் எழுதிவிட்டு, அப்புறம்தான் அடுத்த படி. நேராக லத்தீனுக்குத் தாவினால் நடுவில் நடந்த மாற்றம் காணாமல் போய்விடும்.

ஃபார்மிக்குக்கு இது சின்னப் பயணம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில வேதியியல் எழுத்தில் வருகிறது. அதற்கு முன்னால் பொருள் இருக்கிறது, இன்றைய பெயர் இல்லை: 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், எறும்புகளைக் காய்ச்சி வடித்தால் ஒரு புளிப்பு நீர் கிடைப்பதை எழுதியிருக்கிறார். பெயரின் வேர் லத்தீன் 'ஃபோர்மிகா', எறும்பு.

எங்கே நிறுத்துவது என்று கேட்பார்கள். விலங்கின் பெயர் வெளிப்படையாக வரும் முதல் வடிவத்தில் நிறுத்துங்கள். கிரேக்கத்தில் எறும்புக்கு 'மிர்மெக்ஸ்' என்று பெயர், அதற்கும் ஃபோர்மிகாவுக்கும் பழைய உறவு சொல்வார்கள். ஆனால் அது எறும்பு என்ற பெயரின் வரலாறு, உங்கள் பெயரடையின் வரலாறு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

அகராதி தரும் ஆண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எழுத்தில் கிடைத்த முதல் சாட்சியின் ஆண்டு, சொல் பிறந்த ஆண்டு அல்ல. 'அப்போது பிறந்தது' என்று எழுதாமல் 'அப்போதே வழக்கில் இருந்தது' என்று எழுதுங்கள்.

7. விலங்குக்கும் பொருளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, நேரத்தை இங்கே செலவழியுங்கள். விலங்கைக் கண்டுபிடித்ததோடு மூடி வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. விலங்கின் எந்த அம்சம் சொல்லுக்குள் போனது என்பது தெரியாவிட்டால் வேர் தெரிந்து பயனில்லை.

சிலவற்றில் உடல் அமைப்பு போகிறது. லத்தீனில் கழுகு 'அக்விலா', வளைந்த மூக்கை ஆங்கிலத்தில் அக்விலைன் மூக்கு என்பார்கள். நாம் அதே மாதிரி மூக்கைப் பார்த்துக் கிளிமூக்கு என்கிறோம். சிலவற்றில் குணம் போகிறது, அதுவும் மனிதன் விலங்கின் தலையில் கட்டிய குணம்: 'அசினுஸ்' என்ற கழுதையிலிருந்து அசினைன், முட்டாள்தனமான. ஃபார்மிக்கில் உடம்பும் இல்லை குணமும் இல்லை, எறும்பிலிருந்து எடுத்த ஒரு பொருள். பொருள் முதலில் எங்கே கிடைத்ததோ அந்த இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியும் பெயர் போகவில்லை. வேக்சினும் இதே வழிதான். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1881இல், ஜென்னரின் நினைவாக எல்லா நோய்த்தடுப்புக்கும் அந்தச் சொல்லையே வைப்போம் என்று முன்மொழிந்தார், பசுவோடு தொடர்பில்லாத ஊசிகளுக்கும் பசுவின் பெயர் வந்தது.

தொடர்பு நேராக இல்லாத சொல்லுக்கு ஆர்க்டிக் நல்ல பாடம். கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்' என்றால் கரடி. இதைச் சொன்ன உடனே வகுப்பே 'பனிக்கரடி' என்று கத்தும். ஆனால் கிரேக்கர்கள் சொன்னது வானத்துக் கரடியை. நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் ஏழு நட்சத்திரங்கள் அவர்களுக்குப் பெருங்கரடியின் பகுதி, அது வடக்கு வானில் இருப்பதால் கரடிக்கு உரிய என்ற பெயரடை வடக்கு என்று ஆனது. ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக உள்ள முன்னிரவில் பினாங்குத் தீவின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றால் அந்த ஏழும் வடக்கே தெரியும், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அண்டார்க்டிக்கா என்றால் கரடி இல்லாத இடம் என்று ஒரு கதை பரவிக்கொண்டிருக்கிறது. அதுவும் பிழை. ஆர்க்டிக்குக்கு எதிர்ப்பக்கம் என்பதுதான் அதன் பொருள். அங்கே கரடி இல்லை என்பது உண்மை, ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை.

8. விலங்கைப் பற்றிய செய்தியையும் சரிபாருங்கள்

சொல் சரியாக இருந்து விலங்கியல் தவறாகப் போகும் இடம் இது. 'எறும்பு கடித்தால் எரிவது ஃபார்மிக் அமிலத்தால்' என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். நம் ஊர் மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டுமே, மலாயில் கெரெங்கா, தமிழில் முசுறு, அதற்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கவ்விக்கொண்டு, வயிற்றை முன்னால் மடக்கி, கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கிளையை ஆட்டினால் அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறும். இதற்கு அந்தப் பெயரடை கச்சிதமாகப் பொருந்தும்.

செமுட் அப்பி என்கிற நெருப்பெறும்பு வேறு குடும்பக் கிளை. அது கொடுக்கால் கொட்டுகிறது, அதன் நஞ்சில் பெரும்பகுதி அல்கலாய்டு என்ற வேறு வகை வேதிப்பொருள். எரிச்சல் அதிகம் என்பதால் இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள், எடுத்துக்காட்டு தப்பாகிவிடுகிறது.

விலங்கே மாறிப்போவதும் உண்டு. வடமொழியில் 'சிருகாலம்' நரியைக் குறிக்கும், அதுவே மலாயில் 'செரிகாலா' ஆகி இன்று பெரும்பாலும் ஓநாயைக் குறிக்கிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் அந்த மொழியில், அந்தக் காலத்தில் எந்த விலங்கு என்று கேட்க வேண்டும்.

9. தமிழையும் மலாயையும் பக்கத்தில் வையுங்கள்

மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் இருக்கும் நாட்டில் இந்தப் படியை விட்டுவிடுவது பெரிய இழப்பு. கால் மரத்துப்போனால் நாம் 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு' என்கிறோம். மலாயில் 'கெசெமுத்தான்', நடுவில் செமுட் என்ற எறும்பு உட்கார்ந்திருக்கிறது. மருத்துவத்தில் தோல்மேல் பூச்சி ஊர்வது போன்ற உணர்வுக்கு 'ஃபார்மிகேஷன்' என்று பெயர், அதே லத்தீன் ஃபோர்மிகா. மூன்று மொழியிலும் எறும்பு.

இதைப் பார்த்ததும் யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று கேட்பார்கள். எடுத்ததாக நினைக்கத் தேவையில்லை. எறும்பு ஊர்ந்தால் தோல் எப்படிக் கூசும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவரவர் மொழியில் அவரவரே சொல்லிக்கொள்ளலாம். கடன் என்று எழுத வேண்டுமானால் ஒலி வடிவமே இடம் மாறியிருக்க வேண்டும், கெல்டாயில் நடந்தது போல. கருத்து மட்டும் ஒத்துப்போவதைத் தனி வரியில் 'ஒப்புமை' என்று எழுதுங்கள்.

10. பதிவை எழுதும் முறை

நாலு கட்டமும் நிரம்பிய பிறகு நாலைந்து வாக்கியத்தில் பதிவை எழுதுங்கள். இப்படி:

'ஃபார்மிக்: பெயரடை. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஓர் அமிலத்தைக் குறிக்கும், அதன் இன்னொரு பெயர் மெத்தனாயிக் அமிலம். எறும்பைக் குறிக்கும் லத்தீன் ஃபோர்மிகா என்ற சொல்லிலிருந்து, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில வேதியியல் வழக்கில் இருந்தது. இந்த அமிலம் முதலில் எறும்புகளை வடித்துக் கிடைத்ததால் வந்த பெயர். ஃபார்மல், ஃபார்மைக்கா ஆகியவற்றோடு உறவில்லை.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். படிக்கிறவர் முதலில் நினைக்கப்போவது அந்தச் சொற்களைத்தான்.

அகராதிகள் ஒத்துப்போகாதபோது இரண்டையும் எழுதுங்கள். மனம்போல மாறுகிற என்று பொருள்படும் 'கப்ரிஷஸ்' இத்தாலிய 'கப்ரிச்சோ'விலிருந்து வந்தது. அதில் ஆட்டைக் குறிக்கும் 'கப்ரா' இருப்பதாகப் பலர் சொல்வார்கள், ஆட்டுக்குட்டியின் துள்ளலும் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் நடுக்கம், சிலிர்ப்பு என்பதால், தலை என்ற 'கப்போ'வும் முள்ளம்பன்றி போன்ற சிறு விலங்கான 'ரிச்சோ'வும் சேர்ந்து மயிர் சிலிர்த்த தலையைக் குறித்தது என்பது இன்னொரு விளக்கம், ஆடு பின்னால் பொருளில் சாயம் ஏற்றியிருக்கலாம். பொருத்தமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மறைத்தால் அது தேடல் ஆகாது.

11. அடுத்து எந்தச் சொல்லை எடுப்பது

முதலில் கேனைன், ஃபீலைன், போவைன். பயணம் குறைவு, தொடர்பு நேரானது, முறை கைக்குப் பழகிவிடும். பிறகு வேக்சின், பெயரடை பெயர்ச்சொல்லாவதைப் பார்க்க. அதன்பின் ஆர்க்டிக், நடுவில் ஒரு நட்சத்திரக் கூட்டம் இருப்பதால். இவற்றுக்கு நடுநடுவே சிம்மசொப்பனம், கஜகர்ணம் போன்ற நம் சொற்களையும் அதே நாலு கட்டத்தில் போட்டுப் பாருங்கள், தமிழ் லெக்சிகனைத் திறக்கும் பழக்கம் வரும்.

சினிக்கல் என்ற சொல்லைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாரையும் நம்பாமல் ஏளனமாகப் பார்க்கிற என்ற இன்றைய பொருளுக்கும், நாய் போன்ற என்று பொருள்படும் 'குனிகோஸ்' என்ற கிரேக்கப் பெயரடைக்கும் நடுவில் பழைய கிரேக்க ஞானி டயோஜெனிஸைச் சேர்ந்த தத்துவக் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. வெட்கம் பார்க்காமல் தெருவில் வாழ்ந்ததால் நாய் என்ற பெயர் வந்தது என்று ஒரு விளக்கம், அந்தக் கூட்டத்தின் முன்னோடி ஆண்டிஸ்தெனிஸ் பாடம் நடத்திய 'குனோசார்கெஸ்' என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்தது என்று இன்னொன்று. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதி, எது எந்த அகராதியில் எந்த வார்த்தைகளில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட்டு, அப்புறம் விலங்குக் கட்டத்துக்குப் போங்கள்.